கல்லறைத் தோட்டத்து நித்தியகல்யாணி

நவம்பர் 2-ஆம் நாள் நெருங்கும்போது நம் பங்குகளில் கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்வது வழக்கம். ஆண்டு முழுவதும் எவரும் எட்டிப் பாராத அந்த நிலத்தில் அந்த ஒரு வாரம் மட்டும் மண்வெட்டிகளின் ஓசை கேட்கும். நெருஞ்சியும் கோரையும் களையப்படும். சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்படும். ஆனால் ஒரு செடியை மட்டும் எவரும் பிடுங்குவதில்லை. ஐந்து இதழ்களோடு, இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ, கோடையிலும் மழையிலும் ஓயாமல் பூக்கும் நித்தியகல்யாணிதான் அது. அதற்கு நீர் ஊற்றுவார் இல்லை. ஆடு மாடுகளும் அதில் வாய் வைப்பதில்லை. கல்லறைப் பூ என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. மங்கலமும் அமங்கலமும் ஒரே செடியின் பெயர்களில் கலந்து கிடக்கின்றன.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு கிராமப் பங்கில், அந்தப் பூக்கள் படர்ந்த ஒரு சிறிய கல்லறையின் அருகே நின்ற தந்தை ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய 7 வயது மகன் இரத்தப் புற்றுநோயால் இறந்திருந்தான். நகரத்து மருத்துவமனையில் முதல் மாதச் சிகிச்சை முடிந்ததும் பையன் தெளிந்து எழுந்தான். இரத்தத்தில் நோயின் அறிகுறி தென்படவில்லை. ஆனால் சிகிச்சை இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும் என்றார்கள். கூலி வேலை செய்யும் குடும்பம். பிள்ளையின் தலைமுடி கொட்டியிருந்தது, கால்கள் தளர்ந்திருந்தன. அங்கே ஏற்றும் மருந்து நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவதுதான் என்று யாரோ கூறினார்கள். அது உண்மையும்கூட. வீட்டுக் கொல்லையிலேயே கிடைக்கும் செடிக்காக எதற்குப் பட்டணத்துக்கு அலைவது என்று எண்ணிய அவர், வேரையும் இலையையும் காய்ச்சிக் கொடுக்கத் தொடங்கினார். ஐந்து மாதங்களில் நோய் திரும்பிவந்தது.

"அதே செடிதானே சாமி? அங்க குடுத்ததும் இதுதானே? அப்புறம் ஏன் கேக்கல?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. அதைவிடக் கசப்பான உண்மை ஒன்று உண்டு. சிகிச்சையை நிறுத்துவதற்கு முன் அவர் என்னிடம் வந்து ஆலோசனை கேட்டிருந்தார். "மன்றாடுவோம்" என்று கூறி, பையனின் தலைமேல் கைவைத்து ஆசி வழங்கி அனுப்பிவிட்டேன். திரும்பிப் போ என்று ஒரு சொல் சொல்லவில்லை. குருமடத்தில் எட்டாண்டுகள் மெய்யியலும் இறையியலும் கற்ற நான், அந்தத் தந்தையின் கேள்விக்கு விடை தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். காலம் கடந்து கிடைத்த அந்த விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உறையில் வந்த 25 இலைகள்

நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. கப்பல்களின் வழியே அது வெப்ப நாடுகள் எங்கும் பரவியது. லின்னேயஸ் 1759-இல் அதற்கு விங்கா ரோசியா என்று பெயரிட்டார். பின்னர் 1837-இல் அது கத்தராந்தஸ் ரோசியஸ் என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. சென்ற இடமெல்லாம் எளிய மக்கள் அதனை மருந்தாகக் கொண்டனர். குறிப்பாக, மேற்கிந்தியத் தீவுகளிலும் பிலிப்பைன்சிலும் நீரிழிவுக்கு அதன் கஷாயத்தைக் குடித்து வந்தனர்.

1952-ஆம் ஆண்டு, கனடாவின் டொராண்டோ நகரில் மருத்துவராயிருந்த கிளார்க் நோபிள் என்பவருக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் அஞ்சல் உறை வந்தது. அதனுள் நித்தியகல்யாணியின் 25 இலைகள் இருந்தன. இவற்றைத்தான் இங்கே சர்க்கரை நோய்க்குக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்ற செய்தியும் உடன் வந்தது. அதை அனுப்புவதற்குக் கிளார்க் நோபிளைவிடப் பொருத்தமானவர் இருக்க முடியாது. 1921-இல் டாக்டர் பாண்டிங் இன்சுலின் ஆய்வைத் தொடங்கியபோது, அவருக்கு முதலில் யார் உதவியாளராவது என்று மாணவர் இருவர் நாணயம் சுண்டிப் பார்த்தனர் என்று சொல்லப்படுகிறது. வென்றவர் சார்லஸ் பெஸ்ட். அவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது. தோற்றவர் கிளார்க் நோபிள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் தம் கைக்கு வந்த இலைகளை அவர், மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராயிருந்த தம் தம்பி ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார்.

ராபர்ட் நோபிள் இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தார். சர்க்கரையின் அளவு சற்றும் குறையவில்லை. பின்னர் ஊசிவழியே செலுத்தினார். அப்போதும் சர்க்கரை குறையவில்லை. ஆனால் சில நாட்களில் எலிகள் தொற்றுநோய் கண்டு மடிந்தன. வேறொருவர் என்றால் இது நச்சுச் செடி என்று தூக்கி எறிந்திருப்பார். அவரோ எலிகள் ஏன் மடிந்தன என்று ஆராய்ந்தார். அவற்றின் எலும்பு மஜ்ஜை செயலிழந்திருந்தது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்திருந்தன. இரத்தப் புற்றுநோய் என்பது வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்தானே! அப்படியானால் இந்த நஞ்சே அந்த நோய்க்கு மருந்தாகக்கூடும் அல்லவா?

1954-இல் வேதியியலறிஞர் சார்லஸ் பீர் அவருடன் சேர்ந்தார். பல்லாண்டு உழைப்பின்பின், வின்பிளாஸ்டின் என்று இன்று நாம் அழைக்கும் பொருளை அவர்கள் பிரித்தெடுத்து 1958-இல் உலகுக்கு அறிவித்தனர். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வபோடாவும் அவருடைய தோழர்களும், நாட்டு மருந்துச் செடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து வருகையில் இதே செடியை வந்தடைந்தனர். வின்பிளாஸ்டினின் உடன்பிறப்பு போன்ற மற்றொரு பொருளான வின்கிரிஸ்டினை அவர்கள் கண்டறிந்தனர். 1963-இல் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது. இரண்டிற்கும் வேதிக் கட்டமைப்பில் ஒரே ஓர் இடத்தில் மட்டுமே வேறுபாடு. ஆயினும் வின்பிளாஸ்டின் எலும்பு மஜ்ஜையை வாட்டுகிறது. வின்கிரிஸ்டின் நரம்புகளை வாட்டுகிறது. இந்தச் சிறு வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் எத்தனையோ பிள்ளைகளின் உயிர் இதன்மேல் நின்றது.

இவை எப்படி வேலை செய்கின்றன? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதன் உள்ளே நுண்ணிய குழல்கள் தோன்றி, மரபுப் பொருளை இரு பக்கமும் பங்கிட்டு இழுக்கின்றன. நித்தியகல்யாணியின் நஞ்சு அந்தக் குழல்கள் உருவாகாதபடி தடுத்துவிடுகிறது. பிரியத் தொடங்கிய உயிரணு பாதிவழியில் நின்று மடிகிறது.

அளவையும் கூறவேண்டும். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை தேவை. நோயாளிக்கு ஒருமுறை கொடுக்கும் அளவோ மில்லிகிராம் கணக்கில் நிறுக்கப்படுவது. இலையில் பிற அல்கலாய்டுகளும் நூற்றுக்கு மேல் கலந்திருக்கின்றன. அவற்றுள் இதயத்துக்கும் ஈரலுக்கும் கேடு செய்வனவும் உண்டு. கொல்லைச் செடியைக் காய்ச்சும் தாய், எதை எவ்வளவு கொடுக்கிறோம் என்று அறிய வழியே இல்லை. அந்தத் தந்தையின் கேள்விக்கு முதல் விடை இது: செடி அதுதான், ஆனால் அளவு அதுவன்று.

தனி மருந்தின் தோல்வி

எனினும், சரியான அளவில் கொடுத்தாலும் அந்த ஒரு மருந்து மட்டும் பையனைக் காப்பாற்றியிராது. வரலாறு அதைத்தான் காட்டுகிறது.

1947-இன் இறுதியில் பாஸ்டன் நகரில் குழந்தை மருத்துவ அறிஞர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயால் சாகக் கிடந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்தார். 1948-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. படுக்கையில் கிடந்த பிள்ளைகள் எழுந்து விளையாடினர். உலகமே வியந்தது. ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பியது; அடுத்த முறை அதே மருந்து பலிக்கவில்லை. பின்னர் வந்த மெர்காப்டோபியூரினும் அப்படியே, பிரட்னிசோனும் அப்படியே, நித்தியகல்யாணி தந்த வின்கிரிஸ்டினும் அப்படியே. ஒவ்வொன்றும் நோயைத் தணித்தது. எதுவும் தனித்து நின்று வேரறுக்கவில்லை.

ஏன்? நோய் வெளிப்படும் நேரத்தில் ஒரு குழந்தையின் உடலில் ஏறக்குறைய ஓர் இலட்சம் கோடி புற்று அணுக்கள் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை ஒரு மருந்து கொன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சியவை எத்தனை? ஆயிரம் கோடி! உருப்பெருக்கியில் பார்த்தால் இரத்தம் தூய்மையாகத் தெரியும். பிள்ளை பசிக்கிறது என்று சோறு கேட்கும். பெற்றோர் நன்றித் திருப்பலிக்குப் பணம் கட்டுவர். ஆனால் அந்த ஆயிரம் கோடி மஜ்ஜைக்குள் மறைந்திருந்து மீண்டும் பெருகும். அதிலும் அந்த மருந்துக்கு அஞ்சாத அணுக்களே முந்திக்கொண்டு பெருகும். அமெரிக்க அறிஞர் ஹோவர்டு ஸ்கிப்பர் எலிகளில் இதனைச் சோதித்து, ஒரே ஒரு புற்று அணு எஞ்சியிருந்தாலும் அது பெருகி எலியைக் கொல்லப் போதும் என்று காட்டினார்.

இதைப் படித்தபோது என் கை நடுங்கியது. அந்தப் பையன் குணமாகிவிட்டான் என்று நானும் நம்பினேனே! தணிவு வேறு, நலம் வேறு. அந்த வேற்றுமையை அறியாமல்தான் தந்தை சிகிச்சையை நிறுத்தினார். அறியாமல்தான் நானும் ஆசி வழங்கி அனுப்பினேன். அவருடைய கேள்விக்கு இரண்டாம் விடை இது: வேலை பாதியில் நின்றுபோயிற்று.

நால்வர் கூட்டு

காசநோய்க்கும் முன்பு இதே நிலைதான் இருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் கொடுத்தபோது கிருமிகள் அதற்குப் பழகிவிட்டன. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றில் மாண்டது. அமெரிக்காவில் பெத்தெஸ்டா நகரின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் பணியாற்றிய எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரிக் என்னும் இரு மருத்துவர்கள் இந்தப் பாடத்தைப் புற்றுநோய்க்குக் கொண்டுவந்தனர். 1960-களின் தொடக்கத்தில் அவர்கள் நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுக்கத் துணிந்தனர்: வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், பிரட்னிசோன்.

மருத்துவ உலகம் அதிர்ந்தது. ஒரு நஞ்சையே தாங்காத குழந்தைகளுக்கு நான்கு நஞ்சா? சாகும் பிள்ளைகளை நிம்மதியாகச் சாக விடக்கூடாதா? என்று உடன் பணியாற்றியோரே கேட்டனர். அந்தக் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அது இரக்கத்திலிருந்து பிறந்த கேள்வி. ஆனால் அந்த இருவரும் கண்மூடித்தனமாகக் கலக்கவில்லை. ஒவ்வொரு மருந்தும் புற்று அணுவை வெவ்வேறு வழியில் தாக்கவேண்டும். ஒவ்வொன்றின் கேடும் உடலின் வெவ்வேறு உறுப்பில் விழவேண்டும். இதுவே அவர்கள் கொண்ட விதி. மெத்தோட்ரெக்சேட்டும் மெர்காப்டோபியூரினும் மஜ்ஜையை வாட்டுகின்றன. பிரட்னிசோனோ மஜ்ஜையை அவ்வாறு வாட்டுவதில்லை. வின்கிரிஸ்டினும் மஜ்ஜையைப் பெரிதும் தொடாமல் நரம்பை வாட்டுகிறது. எனவே மஜ்ஜை முற்றிலும் நொறுங்காமல் நான்கையும் போதிய அளவில் கொடுக்க முடிந்தது. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன அந்தச் சிறு வேறுபாடு இங்கேதான் பயன்பட்டது. நித்தியகல்யாணி தனித்துச் செய்யாததைக் கூட்டில் செய்தது.

குழந்தைகள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. இரத்தக் கசிவால் மாண்டவர் பலர். அதைத் தடுக்கத் தட்டணுக்களை ஏற்றும் முறையையும் ஃப்ரைரிக் வகுக்க வேண்டியிருந்தது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் தணிந்தது. முன்பைவிட நீண்ட காலம் தணிந்தே இருந்தது. பின்பு வேறொரு துயரம் வெளிப்பட்டது. மஜ்ஜை தூய்மையாக இருந்த பிள்ளைகளுக்கும் மூளைச் சவ்வுகளில் நோய் தோன்றியது. மருந்துகள் மூளைக்குள் போதிய அளவு செல்வதில்லை. புற்று அணுக்கள் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தன.

புனித யூதா ததேயுவின் பெயரால்

இந்தக் கட்டத்தில் நம் திருச்சபைக்கு நெருக்கமான ஒரு பெயர் இவ்வரலாற்றில் நுழைகிறது. லெபனான் வழிவந்த கத்தோலிக்கரான டேனி தாமஸ் என்னும் நடிகர், பிழைப்புக்கு வழியின்றித் தவித்த இளமையில், கைவிடப்பட்டோரின் பாதுகாவலரான புனித யூதா ததேயுவை நோக்கி மன்றாடி, எனக்கு வழிகாட்டினால் உமக்கு ஒரு திருத்தலம் எழுப்புவேன் என்று பொருத்தனை செய்துகொண்டார். புகழும் பொருளும் வந்தபோது அவர் அதை மறக்கவில்லை. ஆனால் அவர் எழுப்பிய திருத்தலம் கோவிலாக அமையவில்லை. குழந்தைகளுக்கான மருத்துவமனையாக அமைந்தது. 1962 பிப்ரவரி 4-ஆம் நாள் மெம்பிஸ் நகரில் அது திறக்கப்பட்டது. நிறவெறி ஓங்கியிருந்த அந்தத் தென்பகுதியில் கறுப்பினக் குழந்தையும் வெள்ளையினக் குழந்தையும் ஒரே கூடத்தில் சிகிச்சை பெற்றன. எந்தக் குடும்பத்திடமும் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை என்பது அதன் நியதி.

அதன் முதல் இயக்குநர் டொனால்டு பிங்கல், முழுச் சிகிச்சை என்ற பெயரில் படிப்படியாகத் திட்டங்களை வகுத்தார். கூட்டு மருந்தால் நோயைத் தணித்தல், மறைந்திருக்கும் அணுக்களை மேலும் அழித்தல், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் தனிச் சிகிச்சை அளித்தல், பின்பு இரண்டு மூன்று ஆண்டுகள் விடாமல் மருந்து கொடுத்தல் என்பன அதன் கூறுகள். 1960-களின் பிற்பகுதியில் நடந்த ஐந்தாம் திட்டத்தில், ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் முற்றிலும் நலம் பெற்றனர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஏறக்குறைய எல்லாரும் மாண்ட நோய் அது! இன்று வளமிக்க நாடுகளில் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அந்தக் கூட்டில் வின்கிரிஸ்டின் இன்றும் இடம் பெறுகிறது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா மருத்துவமனை, தில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் ஆகிய மூன்றும், 1984 முதல் ஒரே கூட்டுமருந்துத் திட்டத்தைக் கைக்கொண்டன. அடையாற்றில் டாக்டர் சாந்தா அப்பணியை வழிநடத்தினார். அதற்கு முன் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவானோரே நோய் திரும்பாமல் வாழ்ந்தனர். பின்னர் அந்த எண்ணிக்கை 45 முதல் 60 வரை உயர்ந்தது. எம் பங்குப் பையனும் அந்த எண்ணிக்கையில் ஒருவனாக இருந்திருக்கலாம். மூன்றாம் விடை இது: அந்தச் செடி தனித்து நின்றது, துணையின்றி நின்றது.

எல்லாச் சேர்க்கையும் நன்மையன்று

நித்தியகல்யாணி மட்டுமன்று, வேறு செடிகளும் இவ்வாறே கூட்டில் சேர்ந்து வெற்றி கண்டன. 1962-இல் அமெரிக்காவின் மேற்குக் காடுகளில் ஆர்தர் பார்க்லே என்னும் தாவரவியலார் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். மன்ரோ வால், மன்சுக் வானி இருவரும் அதிலிருந்து டாக்சால் என்னும் பொருளைப் பிரித்து 1971-இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டனர். நித்தியகல்யாணியின் மருந்து உயிரணுவின் நுண்குழல்கள் உருவாகாமல் தடுக்கிறது. டாக்சாலோ உருவான குழல்கள் கலையாமல் இறுக்கிவிடுகிறது என்பதை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் அம்மையார் கண்டறிந்தார். வழி எதிரெதிர், முடிவு ஒன்று. அதனைப் பிளாட்டின மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, சூலகப் புற்று கண்ட பெண்களின் ஆயுள் நீண்டது. மே ஆப்பிள் என்னும் செடிவகையின் வேர்ப்பொருளிலிருந்து உருவான எட்டோபோசைடும் பிளாட்டின மருந்தோடு சேர்ந்து, விதைப்பைப் புற்று கண்ட இளைஞருள் பெரும்பாலோரை இன்று பிழைக்க வைக்கிறது.

இவற்றைக் கேட்டவுடன், மஞ்சள், பச்சைத் தேயிலை, திராட்சைத் தோல், இஞ்சி, வேம்பு இவற்றையெல்லாம் கலந்தால் புற்று கரைந்துவிடும் என்று கூறுவோர் பெருகிவிட்டனர். இவற்றிலுள்ள பொருள்கள் ஆய்வகக் கண்ணாடித் தட்டில் புற்று அணுக்களின் வளர்ச்சியைத் தடுப்பது உண்மை. சேர்த்துக் கொடுத்தால் இன்னும் கூடுதலாகத் தடுப்பதும் உண்டு. அறிஞர்கள் அதனை ஆராய்வதும் நல்லதே. ஆனால் தட்டு மனிதனல்ல. மஞ்சளின் நிறப்பொருளில் மிகச் சிறிதளவே குடலிலிருந்து இரத்தத்தை அடைகிறது. அதுவும் விரைவில் சிதைந்துவிடுகிறது. நித்தியகல்யாணி கடந்துவந்த தீர்வையை, அதாவது நோயாளிகளிடம் ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்த சான்றை, இந்தச் சமையலறைக் கலவைகளுள் எதுவும் இன்னும் கடக்கவில்லை.

சேர்க்கை பகையாவதும் உண்டு. சீனத்து மரம் ஒன்றின் பொருளிலிருந்து உருவான இரினோடெகான் என்னும் மருந்து, குடற்புற்றுக்குக் கொடுக்கப்படுகிறது. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்கு மக்கள் தாமே வாங்கி உண்ணும் மூலிகை ஒன்றுண்டு. திருமுழுக்கு யோவானின் திருநாளை ஒட்டிப் பூப்பதால் அப்புனிதரின் பெயரையே தாங்கி நிற்கிறது. நெதர்லாந்து மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 5 நோயாளிகளுக்கு இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, புற்றைக் கொல்லும் பொருளின் அளவு இரத்தத்தில் 42 விழுக்காடு குறைந்தது. இரண்டும் இயற்கை தந்தவைதாம். ஒன்று மற்றொன்றைச் செயலிழக்கச் செய்தது. புனிதரின் பெயர் தாங்கியதாலேயே ஒரு செடி எல்லாருக்கும் நன்மை செய்துவிடாது. எனவே மருத்துவமனைச் சிகிச்சையோடு வீட்டு மூலிகையையும் சேர்த்துக்கொள்ளும் அன்பர்கள், அதை மருத்துவரிடம் மறைக்கலாகாது. மறைப்பது நோயாளிக்குத் தீங்காய் முடியக்கூடும்.

நாம் பட்ட கடன்

சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரத்தை எனக்குக் குருமடத்தில் கற்பித்தார்கள். மருந்துகளை நிலத்திலிருந்து படைத்தவர் ஆண்டவரே என்று அது கூறுகிறது. அதை மேற்கோள் காட்டி மூலிகையைப் போற்றுவோர் பலர். ஆனால் அதே அதிகாரத்தில், மருந்து செய்வோன் அவற்றைக் கொண்டு கலவை செய்வதையும் ஞானி குறிப்பிடுகிறார். நோயுற்றவன் இறைவனிடம் மன்றாடவேண்டும் என்று கூறிய கையோடு, மருத்துவருக்கும் இடம் கொடுக்கவேண்டும், அவர் உன்னைவிட்டு அகலக்கூடாது என்றும் அறிவுறுத்துகிறார். முன்பாதியை நான் அந்தத் தந்தைக்குக் கொடுத்தேன். பின்பாதியைக் கொடுக்கத் தவறினேன். படைப்பில் இறைவன் வைத்த நன்மை, மனித உழைப்பையும் அளவையும் பொறுமையையும் கடந்தே நம் பிள்ளையின் உடலை வந்தடைகிறது. அந்த உழைப்பை இறைநம்பிக்கைக்குப் போட்டியாகக் கருதுவது தவறு. அதுவும் அவருடைய கொடையே.

இந்த வரலாற்றில் இன்னும் இரண்டு கடன்கள் நிலுவையில் நிற்கின்றன. ஒன்று, செடியைப் பேணிய எளியோருக்கான கடன். மடகாஸ்கர் அதன் தாயகம். ஜமைக்காவின் ஏழைகள் அதன் மருத்துவக் குணத்தை நம்பியவர்கள். நம் தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் அதனைப் பயிரிட்டு, வேரையும் இலையையும் உலர்த்தி விற்ற உழவர்களும் உண்டு. மருந்தால் கிடைத்த பெரும் இலாபத்தில் அவர்களுக்கு உரிய பங்கு சேரவில்லை. ஒரு நாட்டின் உயிர்வளத்தால் வரும் பயனில் அந்நாட்டுக்கும் பங்கு உண்டு என்னும் உலக உடன்படிக்கை 1992-இல்தான் கையெழுத்தானது.

மற்றொன்று, பெத்தெஸ்டாவிலும் மெம்பிசிலும் முதலில் அந்த நான்கு நஞ்சுகளையும் ஏற்ற குழந்தைகளுக்கான கடன். அவர்களுள் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. எந்த அளவு மிகுதி, எந்த இடத்தில் நோய் ஒளிந்திருக்கிறது, எத்தனை நாள் கொடுக்கவேண்டும் என்பதெல்லாம் அவர்களிடமிருந்தே அறியப்பட்டன. இன்று பிழைக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பெயர் தெரியாத பிள்ளைகளின் தோள்மேல் நிற்கிறது. புனிதர்களின் உறவு என்று நாம் விசுவாச அறிக்கையில் சொல்வதன் பொருள் இங்கே எனக்கு இன்னும் ஆழமாக விளங்குகிறது. ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் உடன் துன்புறும் என்று திருத்தூதர் பவுல் உணர்த்தியதன் மறுபக்கமும் இங்கே தெரிகிறது: ஒருவர் பட்ட துன்பம் எங்கோ, என்றோ, மற்றொருவருக்கு நலமாகிறது.

ஆகவே என் உடன் குருக்களையும், அன்பியப் பொறுப்பாளர்களையும், நோயாளிகளைச் சந்திக்கும் மரியாயின் சேனையினரையும் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். சிகிச்சையின் நடுவே தெளிந்து எழுந்த பிள்ளையை உங்களிடம் கொண்டுவந்து ஆசி கேட்டால், ஆசியைக் கொடுங்கள். அடுத்த ஊசி என்றைக்கு என்றும் கேளுங்கள். பேருந்துச் செலவுக்குப் பணமில்லை என்றால் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியலைத் திறவுங்கள். மருத்துவமனை அருகே தங்க இடமில்லை என்றால், அந்நகரத்துப் பங்கில் யாரிடமாவது சொல்லுங்கள். இரண்டு ஆண்டுகள் ஒரு கூலிக் குடும்பம் தனித்து நிற்க முடியாது. தனி மருந்து தோற்றதுபோலவே தனிக் குடும்பமும் தோற்றுவிடும்.

அந்தத் தந்தையைப் பின்னொருமுறை சந்தித்தேன். படித்தவற்றை எளிய சொற்களில் விளக்கினேன். முதல் பிழை அவருடையதன்று. விளக்கிச் சொல்லாத எங்களுடையது என்றும் கூறினேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பின்பு, "இத அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா சாமி?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் இன்றும் விடை இல்லை.

வருகிற கல்லறைத் திருநாளிலும் அந்தச் சிறிய சிலுவையைச் சுற்றி நித்தியகல்யாணி பூத்திருக்கும். அதைப் பிடுங்க வேண்டாம் என்றே உபதேசியாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.